இளநீர் கொடுத்தது நாங்கதான்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. தைப்பூச விரதம் தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கு. உங்க வீட்டில் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கிட்னி பிரச்சினை உள்ளவங்க யாராவது மாலை போடப் போறாங்கன்னா, வேலை முடிஞ்சு உட்கார்ந்து முழுசா படிச்சிடுங்க. படம் எதுவும் போடலை. அண்ணன் வேணாம்னு சொல்லிட்டார். பேரும் போட வேணாம், ஆனா நடந்ததை மறைக்காம எழுதுங்கன்னார். அதனால எழுதுறோம்.

நாங்கன்னா கோயில் மடப்பள்ளிக் குழு. மொத்தம் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை அன்னதானம், பௌர்ணமி பூசை, திருவிழாச் சமையல், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், எல்லாம் நாங்கதான். பாதிப் பேர் ஃபேக்டரி வேலை, ரெண்டு பேர் லோரி ஓட்டுறவங்க, மீதி வீட்டில் இருக்கும் அக்காமார்கள். எங்களுக்கெல்லாம் தலை, சாம்பார் அண்ணன். வயசு 63. இருபது வருசத்துக்கு மேல கோயில் சாம்பார் அவர் கையில்தான். ஐந்நூறு பேருக்கு வைக்கும்போதும் உப்பை அளந்து போடமாட்டார், கையால அள்ளித்தான் போடுவார். ஒரு நாளும் தப்பினதில்லை.

அவருக்கு இனிப்பு நீர் பதினெட்டு வருசமா இருக்கு. ரத்தக் கொதிப்பும் உண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால கிளினிக்கில் கிட்னி நாலாம் கட்டம்னு சொல்லிட்டாங்க. எங்ககிட்ட அவர் சொன்னது, "கிட்னி கொஞ்சம் வீக்காம் தம்பி" அவ்வளவுதான். நாங்களும் அதுக்கு மேல கேட்கலை. வீக்குன்னா தண்ணி நிறைய குடிக்கணும், இளநீர் குடிக்கணும், அதுதானே நமக்குத் தெரிஞ்ச வைத்தியம்.

போன தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் தொடங்கினார். மத்தியானம் ஒரு வேளைச் சோறு. ராத்திரி வாழைப்பழம், பேரீச்சம்பழம், பால். விரதத்தில் உடம்பு சூடாகும்னு தினம் ஒரு இளநீர். அந்த இளநீரை வாங்கிக் கொடுத்தது நாங்க. முறை போட்டு, இன்னைக்கு நீ நாளைக்கு நான்னு, வேலை முடிஞ்சு வரும்போது பாசார் பக்கத்துக் கடையில் வெட்டி வாங்கி அவர் கையில் கொடுப்போம். அதை ஒரு சேவையாத்தான் நினைச்சோம்.

இது போதாதுன்னு இன்னும் மூணு விஷயம் அந்த நாள்களில் சேர்ந்துகிச்சு. அது எல்லாமே பின்னால ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொண்ணா கேட்டப்பதான் வெளியே வந்தது. ஒண்ணு, ரத்தக் கொதிப்புக்கு நல்லதுன்னு மருமகப் பொண்ணு சூப்பர்மார்க்கெட்டில் குறைஞ்ச சோடியம் உப்பு வாங்கி வச்சிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடுன்னு போட்டிருந்ததை யார் பார்த்தா? ரெண்டு, பெரிய அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி. அதுக்குக் கடையில் கிடைக்கிற வலி மாத்திரையை மாத்தி மாத்திப் போட்டிருக்கார். அந்த வகை மாத்திரை கிட்னியை இன்னும் அடிக்கும், பொட்டாசியத்தையும் ஏத்தும். மூணு, ஒரு வேளைதானே சாப்பிடுறோம்னு இன்சுலின் ஊசியைத் தன் இஷ்டத்துக்குக் குறைச்சிட்டார்.

விரதத்தின் முப்பதாவது நாளைத் தாண்டி ஒரு வெள்ளிக்கிழமை. காலை அஞ்சரை மணிக்கு அடுப்பு பத்த வச்சாச்சு. பருப்பு வெந்துகிட்டு இருக்கு. அண்ணன் கரண்டியை எடுத்தார், கிளறப் போனார், கை ஏறலை. கரண்டியை அப்படியே விளிம்பில் சாய்ச்சி வச்சிட்டுத் தேங்காய் மூட்டை மேல உட்கார்ந்தார். "கால் ரெண்டும் மணல் மூட்டை மாதிரி இருக்குடா"ன்னார். மூணு நாளாவே அப்படித்தானாம், மாடிப்படி ஏற முடியலையாம். விரதக் களைப்புன்னு நினைச்சிருக்கார். நாங்களும் அதையேதான் நினைச்சோம்.

இப்ப சொல்லப் போறதுதான் எங்களுக்கு இன்னும் தொண்டையில் நிக்கிறது. அந்த நிமிசம் எங்களில் ஒருத்தர் ஓடிப் போய் ஒரு இளநீரை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் பாதி குடிச்சார். "தெம்பா இருக்கா அண்ணே?"ன்னு கேட்டோம். தலையை ஆட்டினார்.

காலைப் பூசைக்கு வந்திருந்த ஒரு மிஸ்ஸி, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாங்க. அண்ணனின் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. கைக்கடிகாரத்தைப் பார்த்துகிட்டே இருந்தாங்க. "நாடி ரொம்ப மெதுவா அடிக்குது. இவருக்குக் கிட்னி எப்படி?"ன்னு கேட்டாங்க. வீக்குன்னு சொன்னோம். இளநீர் டம்ளரைப் பார்த்தாங்க. முகம் மாறிடுச்சு. "ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம், காரை எடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

எமெர்ஜென்சியில் நேரா ரெட் ஸோனுக்குக் கொண்டு போயிட்டாங்க. எங்களில் ரெண்டு பேரும் அண்ணியும் வெளியே. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 7.2. சாதாரணமா 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்கணும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைஞ்சாலும் அளவு பொய்யாகக் கூடிக் காட்டுமாம், அதனால சந்தேகம் இருந்தா இன்னொரு தடவை எடுப்பாங்களாம். ஆனா அண்ணனுக்கு ஈசிஜி ஏற்கனவே மாறிப் போயிருந்தது. டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பிள்ளைதான். அந்த நீளக் காகிதத்தைக் காட்டி விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால மேடு மாதிரி வளைஞ்சு வரவேண்டிய கோடு, கூடாரம் அடிச்ச மாதிரி கூர்மையா நின்னுச்சு. "அங்கிள், இப்படியே போனா இதயம் நின்னுடும். எப்பன்னு சொல்ல முடியாது"ன்னார்.

அப்புறம் என்ன மருந்து கொடுத்தாங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுறோம். ஏன்னா அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணுமே புரியலை. புரியாததால அண்ணி டாக்டரோட சண்டைக்கே போயிட்டாங்க.

முதல்ல நரம்பில் கால்சியம் குளுக்கோனேட் போட்டாங்க. மெதுவா, மானிட்டரைப் பார்த்துகிட்டே. அது பொட்டாசியத்தை ஒரு துளி கூடக் குறைக்காது. இதயத்தை மட்டும் கொஞ்ச நேரம் காப்பாத்தும், அரை மணி, ஒரு மணி நேரம். எங்க வேலை இடத்துப் பாஷையில் சொன்னா, மெஷின் கோளாறு பண்ணினா முதல்ல சிவப்புப் பட்டனை அமுக்கி ஆளைக் காப்பாத்துறோம் இல்லையா, அது மாதிரி. கோளாறு அப்படியேதான் இருக்கும்.

ரெண்டாவது, இன்சுலின். கூடவே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சீனித் தண்ணி. இங்கதான் அண்ணி கத்தினாங்க. "ஏற்கனவே இனிப்பு நீர் உள்ள மனுசனுக்குச் சீனியை ஏத்துறீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்கா?"ன்னு. டாக்டர் கோபப்படலை. இன்சுலின் சீனியை மட்டும் இல்லை, பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள்ளே தள்ளும், சீனி ரொம்ப இறங்கிடக் கூடாதேன்னுதான் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துப் போடுறோம்னு சொன்னார். அண்ணன் ஊசியைக் குறைச்சதும் ஏன் தப்புன்னு அப்பதான் எங்களுக்கு விளங்குச்சு. அதுக்கப்புறம் மணிக்கு மணி விரலில் குத்திச் சீனி பார்த்தாங்க. ஒரு தடவை 3.6க்கு இறங்கி மறுபடியும் டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினாங்க. மூக்குக்கு மாஸ்க் வச்சு ஆஸ்துமாக்காரங்களுக்குப் போடுற சல்புட்டமால் புகையும் கொடுத்தாங்க. அதுவும் இன்சுலின் செய்யிற வேலையைத்தான் செய்யுமாம்.

"சரி, இறங்கிடுச்சே, வீட்டுக்குப் போகலாமா?"ன்னு சாயங்காலம் அண்ணன் கேட்டார். 5.9 காட்டுச்சு. டாக்டர் சிரிச்சார். உள்ளே தள்ளினது உள்ளேயேதான் இருக்கு அங்கிள், நாலு அஞ்சு மணி நேரத்தில் திரும்பி வெளியே வரும், உடம்பை விட்டுப் போனாத்தான் கணக்குன்னார். உடம்பை விட்டுப் போக வழி மூணு. மூத்திரம் வழியா, அதுக்கு நீர் பிரியிற மருந்து. மலம் வழியா, அதுக்கு ஒரு மாவு மருந்து. ரெண்டும் கைகொடுக்கலைன்னா டயாலிசிஸ். டயாலிசிஸ்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி அழுகையை அடக்க முடியாம வராந்தாவுக்குப் போயிட்டாங்க. அவங்க அக்கா வாரத்துக்கு மூணு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தவங்க.

முருகன் அருளில் டயாலிசிஸ் வரைக்கும் போகலை. நாலு நாளில் 5.2க்கு வந்து வீட்டுக்கு அனுப்பினாங்க. கையில் ஒரு பை நிறைய அந்த மாவு மருந்துப் பொட்டலம், கலிமேட்.

இந்த மாவைப் பத்தித்தான் முக்கியமா எழுதணும்னு நினைச்சோம். ஆஸ்பத்திரியில் நடந்ததைக் காட்டிலும் வீட்டில் நடந்ததுதான் நமக்குப் பாடம்.

ஒரு பொட்டலம் 5 கிராம். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு மூணு வேளை. இந்த மாவு ரத்தத்தில் சேராது. குடலுக்குள்ளேயே இருந்து, தன்னிடம் உள்ள கால்சியத்தைக் கொடுத்துட்டு அங்கே இருக்கிற பொட்டாசியத்தைப் பிடிச்சிக்கும், அப்படியே மலத்தோட வெளியே போயிடும். பண்டமாற்று மாதிரி. தண்ணியில் போட்டாலும் கரையாது, அடியில் தங்கும். சுழற்றிச் சுழற்றி உடனே குடிக்கணும். ருசின்னு ஒண்ணும் இல்லை, சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருக்கும்னு அண்ணன் சொல்வார். நாக்கு நல்ல சமையல்காரருக்கு இது பெரிய தண்டனைதான்.

அந்தத் தண்டனையைக் குறைக்க அண்ணி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆரஞ்சு ஜூஸில் கலந்து கொடுத்தாங்க. பொட்டாசியத்தைப் பிடிக்கிற மருந்தைப் பொட்டாசியம் நிறைய உள்ள பழச்சாற்றில் கலந்தா, அது குடலுக்குப் போகும் முன்னாலயே வேலையை முடிச்சிடும். இது யாருக்கும் தோணலை.

அடுத்து, இருக்கிற எட்டு மாத்திரையையும் மாவையும் ஒரே வாயில் போட்டுக்கிட்டார். மாவு மத்த மாத்திரைகளையும் பிடிச்சி வச்சிக்கும், மூணு மணி நேரமாவது இடைவெளி விடணும்னு பின்னால ஃபார்மசியில் சொன்னாங்க.

மூணாவது, மலச்சிக்கல். கலிமேட் சாப்பிடுறவங்களுக்கு இது சகஜமா வர்றது. நாலு நாள் வெளியே போகலை. வெட்கப்பட்டுகிட்டு யார்கிட்டயும் சொல்லலை, டாக்டர்கிட்டயும் கேட்கலை, மருந்தை மட்டும் நிறுத்திட்டார். கிட்னி கெட்டவங்களுக்குக் குடல் வழியாத்தான் பொட்டாசியம் கொஞ்சமாவது கூடுதலா வெளியே போகுதாம். அதுவும் அடைச்சிகிட்டா என்ன ஆகும்?

நாலாவது காரணம் நாங்க. குழுவின் வாட்ஸாப்பில் எங்களில் ஒருத்தர், பேர் வேணாம், அவரும் இதைப் படிப்பார், ஒரு செய்தியைத் தட்டி விட்டார். 'ஆங்கில மருந்து கிட்னியைக் கெடுக்கும், இளநீரும் நோனிச் சாறும் கிட்னியைக் கழுவும்'னு. கீழே கும்பிடும் கை படம் ஒன்பது பேர் போட்டிருந்தாங்க. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் கூட ஆகலை. அத்தனையும் கண்ணால பார்த்த நாங்களே கும்பிட்டோம். நோனியிலும் பொட்டாசியம் அதிகம்தான்.

விரதத்தில் மருந்து சாப்பிடலாமான்னு ஒரு உறுத்தலும் அண்ணனுக்கு இருந்திருக்கு. அதை யார்கிட்டயும் சொல்லலை.

ரெண்டாம் வாரம் ரத்தம் எடுத்தப்ப 6.1. இந்தத் தடவை கிளினிக்குக்கு நாங்க மூணு பேர் கூடப் போனோம். எல்லாத்தையும் ஒப்பிச்சோம். ஜூஸ், மாத்திரை, சிக்கல், வாட்ஸாப், இளநீர், உப்பு. டாக்டர் யாரையும் திட்டலை. மலம் இளகுறதுக்கு லாக்டுலோஸ் மருந்து சேர்த்துக் கொடுத்தார். வயித்து வலி கடுமையா வந்தாலோ, ரத்தம் போனாலோ மாவை நிறுத்திட்டு உடனே வரணும், வெறும் சிக்கல்னா சொல்லணும், மருந்தை நிறுத்தக் கூடாதுன்னார்.

அங்கே இன்னொரு விஷயமும் தெரிஞ்சுகிட்டோம். அண்ணன் ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுற பெரிண்டோப்ரில் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏத்துற மருந்துதான். ஆஸ்பத்திரியில் அதை நிறுத்தி வச்சிருந்தாங்க. அப்ப அது கெட்ட மருந்தா, ஏன் கொடுத்தாங்கன்னு எங்களுக்குக் கோபம். ஆனா இனிப்பு நீர் உள்ளவங்க கிட்னியையும் இதயத்தையும் பாதுகாக்கிறதும் அதே வகை மருந்துதான். அதை ஒரேயடியா விட்டுட்டா கிட்னி இன்னும் சீக்கிரம் போகலாம். பொட்டாசியத்தை மாவு மருந்தாலயும் சாப்பாட்டாலயும் கட்டுப்படுத்தினா, அந்த மாத்திரையைக் குறைஞ்ச அளவில் மறுபடியும் தொடங்கலாம்னார் டாக்டர். அப்படித்தான் செஞ்சார். ஒரு மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுறதுக்காக இன்னொரு மருந்தைச் சாப்பிடுறது நமக்குக் கேட்க வேடிக்கையா இருக்கு, ஆனா கணக்கு அதுதான். அதனால இதைப் படிச்சிட்டு யாரும் பெரிண்டோப்ரிலையோ லோசார்ட்டானையோ குப்பையில் போட்டுடாதீங்க. டாக்டரைக் கேளுங்க, ரத்தம் பாருங்க.

புது மருந்துகளும் வந்திருக்கு. சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட்னு ஒண்ணு, பட்டிரோமர்னு ஒண்ணு. அமெரிக்காவில் பட்டிரோமருக்கு 2015லும் மற்றதுக்கு 2018லும் அனுமதி கிடைச்சது. சிர்கோனியம் மருந்து ஒரு மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்குமாம், ஆனா அதில் சோடியம் இருக்கிறதால சிலருக்குக் கால் வீங்கும். அண்ணனுக்கு விலை கட்டுப்படியாகாது, மாவிலேயே சரியா இறங்குதுன்னு அதுக்குப் போகலை.

கிளினிக்கிலிருந்து நேரா குருக்கள்கிட்ட போனோம். அண்ணன்தான் கேட்டார், "சாமி, விரதத்தில் மூணு வேளை மருந்து சாப்பிட்டா குத்தமா?"ன்னு. குருக்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு வச்சிருக்கிறதே அவன் வேலையைச் செய்யத்தான். நீர் மருந்தைச் சாப்பிடும், மிச்சத்தை நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்"ன்னார். அண்ணன் முகத்தில் அன்னைக்குத்தான் வெளிச்சம் வந்தது. இந்தக் கேள்வியை முப்பது நாளுக்கு முன்னால நாங்க யாராவது அவருக்காகக் கேட்டிருக்கலாம்.

மருந்து நேரத்துக்கு எங்க குழுவிலேயே ஒரு அட்டவணை போட்டோம். ஃபேக்டரியில் மெஷினுக்குத் தினம் கையெழுத்துப் போடுற செக்லிஸ்ட் மாதிரி. மாத்திரை எட்டு மணி, மாவு பதினொரு மணி, இப்படி. இளநீருக்கு முறை போட்ட அதே பதினொரு பேர், இப்ப அண்ணனுக்கு ஃபோன் போட முறை போட்டோம். முதல் வாரம் எரிஞ்சு விழுந்தார். "என்னடா, எனக்குப் பால் கொடுக்கிற ஆயாவா நீங்க?"ன்னார். ரெண்டாம் வாரம் நாங்க கூப்பிடும் முன்னால அவரே கூப்பிட்டு "குடிச்சாச்சு, வை ஃபோனை"ன்னு சொல்லிட்டு வச்சிடுவார்.

சாப்பாட்டு விஷயத்தில் கிளினிக் டயட்டீஷியன் கொடுத்த கணக்கு, அண்ணனுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் பொட்டாசியத்துக்கு மேல போகக் கூடாது. நடுத்தர வாழைப்பழம் ஒண்ணில் ஏறக்குறைய 400. ஒரு கிளாஸ் இளநீரில் 400லிருந்து 600 வரைக்கும். அவர் ராத்திரிக்கு மூணு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி பேரீச்சையும் சாப்பிட்டு, இளநீரும் குடிச்சார். கூட்டிப் பாருங்க. நல்ல கிட்னி உள்ளவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லை, உடம்பு மூத்திரத்தில் தள்ளிடும், இவையெல்லாம் நல்ல சாப்பாடுதான். அதனாலதான் நாம ஏமாந்து போறோம்.

அந்த உப்பு விஷயமும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில், பொட்டாசியம் கலந்த குறைஞ்ச சோடியம் உப்புக்கு மாறலாம்னு ஆலோசனை சொல்லியிருக்கு. ஆனா கிட்னி பாதிப்பு உள்ளவங்களை அதில் சேர்க்கலை. வீட்டில் ஒரே டப்பா, எல்லாருக்கும் ஒரே சமையல், அங்கேதான் இடிக்குது. மருமகப் பொண்ணு அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு ரொம்ப நாள் அழுதுகிட்டு இருந்தாள். அவளுக்கு நாங்க சொன்னது, "நீ உப்பு வாங்கினே, நாங்க தினம் இளநீர் வாங்கினோம். அழறதுன்னா வரிசையில் நில்லு"ன்னு. அப்பதான் சிரிச்சாள்.

கோயில் சமையலில் சில மாற்றம் செஞ்சோம். அன்னதானத்துக்கு வர்றவங்கள்ல வயசானவங்க நிறைய, அதில் எத்தனை பேருக்குக் கிட்னி பிரச்சினைன்னு நமக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு, பூசணி, கீரை எல்லாத்தையும் சின்னதா வெட்டி, நிறைய தண்ணியில் ஊற வச்சு, கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சமைக்கிறோம். பொட்டாசியம் முழுசும் போகாது, கொஞ்சம் குறையும். ஒரு பாத்திரம் சாம்பார் தக்காளி, முருங்கைக்காய் குறைச்சுத் தனியா வைக்கிறோம். பஞ்சாமிர்தம் வாங்கும்போது, கிட்னி பிரச்சினை உள்ளவங்க ஒரு விரல் நுனி மட்டும் எடுத்துக்கங்கன்னு எழுதி ஒட்டியிருக்கோம். சிலர் முறைச்சாங்க. பிரசாதத்தில் போய் வியாதியை எழுதுறாங்களேன்னு நிர்வாகத்துக்கே புகார் போச்சு. எழுதினது எழுதினதுதான், எடுக்கலை.

பெலிம்பிங் பழத்தை மட்டும் தனியா சொல்லிடுறோம். நம்ம வீட்டுப் பக்கத்தில் காய்ச்சுத் தொங்கும், அர்ச்சனைத் தட்டிலும் வரும். கிட்னி கெட்டவங்களுக்கு அது பொட்டாசியக் கதை மட்டும் இல்லை, அதில் உள்ள ஒரு நஞ்சு மூளையைத் தாக்கும். நிக்காத விக்கல் வரும், புத்தி தடுமாறும், வலிப்பு கூட வரலாம். ஒரு துண்டு கூட வேணாம்.

தைப்பூசத்தன்னைக்கு அண்ணன் பால்குடம் எடுத்தார். காவடி எடுக்க டாக்டர் ஒத்துக்கலை. முன்னும் பின்னும் நாங்க நடந்தோம். எங்களில் ஒருத்தர் பையில் தண்ணிப் புட்டியும் ரெண்டு மாவுப் பொட்டலமும். மத்தியானம் பந்தலுக்கு வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து மாவைக் கலக்கிக் குடிச்சார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார், "என்னங்க அது, புது மாதிரி மோரா?"ன்னு. அண்ணன் அவரை உட்கார வச்சு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அந்தப் பெரியவரும் கிட்னி நோயாளியாம். கையில் வெட்டின இளநீர் வச்சிருந்தார். பாவம், குடிக்கவும் முடியலை, கொட்டவும் மனசு வரலை. கடைசியில் எங்களில் ஒருத்தர் வாங்கிக் குடிச்சிட்டார்.

போன மாசம் ரத்தப் பரிசோதனையில் 4.9. மாவு இப்ப ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்தான். கிட்னி சரியாகலை, ஆகவும் ஆகாது. என்னைக்காவது டயாலிசிஸ் வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அது இந்த வருசம் இல்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது.

இளநீர் கொடுத்ததைப் பத்தி அண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்களா பேச்செடுத்தா, "போங்கடா, பாசத்தில் கொடுத்தீங்க"ன்னு முடிச்சிடுவார். ஆனா அந்த ஊற வச்ச காய்கறிச் சாம்பாரை முதல் தடவை ருசி பார்த்தப்ப மட்டும் வாய்விட்டுத் திட்டினார். "இது சாம்பாராடா? துணி அலசின தண்ணி!"ன்னு கரண்டியைப் பிடுங்கிகிட்டார். பெருங்காயம் கூட்டி, மல்லி வறுத்து அரைச்சு ஊத்தி என்னமோ பண்ணினார். இப்ப அந்தத் தனிப் பாத்திரம்தான் முதலில் காலியாகுது.

வர்ற வெள்ளிக்கிழமை காலை அஞ்சு மணிக்குக் காய்கறி வெட்ட ஆள் வேணும். காய் ஊற ரெண்டு மணி நேரம் விடணும், அதனால முன்ன மாதிரி ஆறு மணிக்கு வந்தா பத்தாது. கத்தி இங்கேயே இருக்கு. வர முடிஞ்சவங்க கீழே பேரைப் போடுங்க.